வேறொரு கருவியில் ஒலிக்கிறது

2025 பிப்ரவரி 3, திங்கள்

மோட்டார் மறுபடியும் ஓடவில்லை. கண்டென்சர் மாற்ற வந்தவன் பழையதை என்னிடம் காட்டாமலே பையில் போட்டுக்கொண்டு போனான். கேட்டால் நான்தான் சந்தேகப் பிராணி.

கொசுவலை தேடப்போய் அலமாரியின் மேல்தட்டில் பழைய டேப்லெட் கிடைத்தது. மகள் நித்திலா கல்லூரியில் படிக்கும்போது வாங்கிக் கொடுத்தது. அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் அதைத் தொட ஆள் இல்லை. சார்ஜ் போட்டதும் உயிர் வந்தது. பாட்டு விற்கும் கீதவனம் செயலி அப்படியே இருந்தது. பழைய கடவுச்சொல்லைப் போட்டேன், திறந்துகொண்டது. கணக்கு என் மனைவி பகவதியின் பெயரில், அவள் எண்ணில், அவள் மின்னஞ்சலில். மதுரையில் வங்கி மேலாளர், கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுங்கள் என்று ஊருக்கே பாடம் எடுப்பவள். இதை மாற்றவில்லை. மறந்திருப்பாள்.

நாங்கள் வாங்கிய பாட்டெல்லாம் வரிசையாக இருந்தன. அதில் பாதிக்கு மேல் என் சம்பளத்தில் வாங்கியவை. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும், எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் காபி போட்டுவிட்டு ஒரு வீணைத் தொகுப்பை அழுத்தினேன். பாட்டு வரவில்லை. ஒரு பெட்டி வந்தது: ‘இந்தக் கணக்கு இப்போது வேறொரு கருவியில் ஒலிக்கிறது. கருவி: பகவதி போன். இங்கே மாற்றவா?’ கீழே ஆம், வேண்டாம்.

ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்கலாமாம். காசு கொடுத்து வாங்கிய சட்டையை வீட்டில் ஒருவர்தான் போடலாம் என்று ஜவுளிக்கடைக்காரன் கூடச் சொன்னதில்லை.

ஆம் என்பதை அழுத்தினேன். வீணை ஒலித்தது. மதுரையில் அவள் போனில் பாட்டு நின்றிருக்கும். நிற்கட்டும்.

பல்லவி முடிவதற்குள் இங்கே நின்றது. அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 5, புதன்

நான் எடுத்தேன். அவள் எடுத்தாள். நான் எடுத்தேன். அவள் எடுத்தாள். காபி ஆறிப்போனது. முதல் வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். துறைத்தலைவர் அருள்மணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. என்னைவிட ஆறு வருடம் இளையவர். அந்த நாற்காலி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் வாய் வராது.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றும் அதே.

பிப்ரவரி 9, ஞாயிறு

நித்திலா பேசினாள். சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா, துணி துவைக்கிற அக்கா வருகிறாளா. எல்லாவற்றுக்கும் ஆமாம்.

“அப்பா, அந்த டேப்லெட்டை எடுத்தீங்களோ?”

“உனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்.”

இந்த வீட்டில் சும்மா கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. மோட்டார் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மோட்டார் ஓடவில்லை.

பிப்ரவரி 12, புதன்

செயலியில் ‘அண்மையில் கேட்டவை’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நான் கேட்டது அதில் குறைவு. மற்றதெல்லாம் அவள் கேட்டது. வேண்டுமென்று பார்க்கவில்லை, திறந்தவுடன் அதுதான் கண்ணில் படுகிறது.

காலையில் ஆறு மணி சுமாருக்கு ஆரம்பிக்கிறாள். நடைப்பயிற்சியாக இருக்கலாம். இங்கே இருந்தபோது மகராஜ நகர் பூங்காவைச் சுற்ற வா என்று நான் எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன், கால் வலிக்கிறது என்பாள். மதுரையில் கால் வலி சரியாகிவிட்டது போலிருக்கிறது.

அவள் கேட்பது அந்த வீணைத் தொகுப்பை. நான் தேர்ந்தெடுத்து வாங்கியது. வாங்கிய அன்று, “இது பாட்டா, தூக்க மாத்திரையா?” என்று கேட்டவள். இப்போது தினமும் அதிலிருந்துதான் தொடங்குகிறாள். தவறாக அழுத்துகிறாளோ என்னவோ. தினமுமா?

பிப்ரவரி 15, சனி

பெட்டி வந்தது. ஆம் அழுத்தவில்லை. விடைத்தாள் கட்டு இருந்தது, திருத்தும்போது பாட்டு எதற்கு. பெட்டியை மூடாமல் டேப்லெட்டை மேஜையில் சாய்த்து வைத்திருந்தேன். ‘பகவதி போன்’ என்ற எழுத்து திரையில் அப்படியே இருந்தது. அவ்வப்போது திரை அணையும், அணைந்தால் தொட வேண்டும். மாணவர்கள் இந்த வருடம் மிக மோசமாக எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

செயலியைத் திறந்தால் ஓர் அறிவிப்பு. மார்ச் 31-உடன் கீதவனம் மூடப்படுகிறதாம். அதற்குள் வாடிக்கையாளர் தன் பாடல்களை ‘ஒரே ஒரு கருவியில்’ நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கருவியைவிட்டு வேறெதற்கும் மாற்ற முடியாது. மற்ற கருவிகளில் எல்லாம் தானாக அழிந்துவிடும். எந்தக் கருவி என்பதை உறுதிசெய்ய, பதிவான கைபேசி எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும்.

பதிவான எண் அவளுடையது.

பிப்ரவரி 21, வெள்ளி

வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டேன். வெகுநேரம் விளம்பரம் பாடிவிட்டு ஒரு பெண் வந்தாள்.

“கணக்கு யார் பேர்ல இருக்கு சார்?”

“பகவதி. என் மனைவி.”

“ஓகே சார். மேடம் பக்கத்துல இருக்காங்களா?”

“இல்லை. எனக்கு ஒரு விவரம்தான் வேணும். நான் காசு கொடுத்து வாங்கினது. ரெண்டு கருவியில வச்சுக்க ஏன் முடியாது?”

“காப்புரிமைப் பாதுகாப்பு சார். நகல் எடுக்கிறதைத் தடுக்கிறதுக்கு.”

“நான் இதுவரைக்கும் ஒரு பாட்டைக்கூட நகல் எடுத்தது கிடையாது.”

“சந்தோஷம் சார். மேடம் எத்தனை மணிக்கு வருவாங்க? அவங்க ஒரு வார்த்தை பேசினாங்கன்னா நான் உடனே கம்ப்ளெயின்ட் டிக்கெட் போட்டுடுவேன்.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“அவங்க ஆபீஸ்ல இருக்காங்க” என்றேன். பொய் இல்லை.

“சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

பிப்ரவரி 24, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி உள்ளே வைக்கமாட்டேன் என்றான். நானே உருட்டினேன்.

டேப்லெட்டைச் சமாதானபுரம் முக்கில் இருக்கும் ரியாஸ் செல்போன் கடைக்குக் கொண்டுபோனேன். பாட்டுகளைப் பென் டிரைவுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். கணினியில் மாட்டி மாற்றினான். கோப்புகள் எல்லாம் வந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

“பூட்டு போட்ட பாட்டு சார். இந்தச் செயலியைத் தவிர வேற எதுலயும் வாயத் திறக்காது.”

“பூட்டை எடுக்க வழி இல்லையா?”

“எதுக்கு சார் மெனக்கெடணும்? பட்டியலைக் குடுங்க. எதுத்தாப்ல டீ குடிச்சிட்டு வாங்க, எல்லாப் பாட்டையும் ஏத்தி வைக்கேன். எங்கிட்ட இல்லாத பாட்டா?”

“திருட்டுப் பாட்டு எனக்கு வேண்டாம்.”

ரியாஸ் சிரித்தான். “சார் துட்டு குடுத்து வாங்குனது மூச்சு விடமாட்டேங்கு. என் மச்சான் ஓசில ஏத்துனது ஆட்டோவுல கத்திக்கிட்டு போவுது. நான் ஒண்ணும் சொல்லல சார்.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பென் டிரைவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

கொள்கை என்று ஒன்று இருக்கிறது. பகவதியின் தம்பி வீரபாகு புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு என்னிடம் இந்தக் கடவுச்சொல்லைக் கேட்டான், நகல் எடுத்துக்கொள்ள. இது திருட்டு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். “அத்தான், பாட்டு என்ன உங்க பாட்டன் சொத்தா?” என்றான். பகவதி அன்று வீடு திரும்பும்வரை பேசவில்லை. இன்று அதே பாட்டெல்லாம், எங்கோ ஓசியில் ஏற்றியவை, அவன் காரில் இருக்கின்றன. கேட்டால் சிரித்துக்கொண்டே தருவான். கேட்கமாட்டேன். தவிர, பென் டிரைவில் பாடினால் அது வெறும் பாட்டுதான். ஒலித்தரம் குறைவு என்று சொல்ல வந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

கீதவனத்தின் விதிமுறைகளை முழுக்கப் படித்தேன். இந்த ஊரில் அதைப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ‘வாடிக்கையாளர் பெறுவது பாடல் அன்று, பாடலைக் கேட்பதற்கான, திரும்பப் பெறத்தக்க அனுமதி.’ வாங்கும்போது பொத்தானில் ‘வாங்குக’ என்றுதான் போட்டிருந்தது. ‘திரும்பப் பெறத்தக்க அனுமதி பெறுக’ என்று போட்டிருந்தால் ஒருத்தனாவது அழுத்தியிருப்பானா?

இருபத்தைந்து வருடமாக முதலாண்டுப் பொருளியல் மாணவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பொருள் உன் உடைமை என்றால் நீ அதை விற்கலாம், கொடுக்கலாம், பூட்டி வைக்கலாம், உடைக்கலாம். நான் வாங்கியதை விற்க முடியாது, கொடுக்க முடியாது. பூட்டு அவர்களுடையது. உடைப்பதையும் அவர்களே செய்கிறார்கள், தேதி போட்டு. என் உடைமை என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் யாரோ கொடுத்து வைத்த அனுமதிதான் போலிருக்கிறது. பாட்டைச் சொல்கிறேன்.

ரசம் வைத்தேன். புளி தூக்கல்.

மார்ச் 8, சனி

வாங்கியவற்றின் பட்டியலை முதலிலிருந்து பார்த்தேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சம்பளம் வந்த வார சனிக்கிழமை ஒரு தொகுப்பு வாங்குவோம். ஒரு மாதம் என் முறை, அடுத்த மாதம் அவள் முறை. முறைக்காரர் சொல்வதுதான் முடிவு. மற்றவர் குறை சொல்லலாம், தடுக்கக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அட்டை எண்ணை அவள்தான் அடிப்பாள், பார்க்காமலே. இறங்கி முடிந்ததும் இரண்டு பேரும் முதல் பாட்டை எழுந்திருக்காமல் கேட்க வேண்டும், அதுவும் விதி. அடுப்பில் எது தீய்ந்தாலும் சரி. ஒருமுறை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. “உங்க வித்துவான் இன்னும் ஆலாபனையே முடிக்கலையே” என்றாளே தவிர எழுந்திருக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம். என் முறை. அந்த மாதம்தான் அருள்மணிக்கு நாற்காலி கிடைத்தது. அதே மாதம் பகவதிக்கு மேலாளர் பதவியும் மதுரைக்கு மாற்றலும் வந்தன. ஒரே வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு செய்தி. அவள் கிளையில் விருந்து வைத்தார்கள். எனக்கு விடைத்தாள் திருத்தல் இருந்தது, போகவில்லை. ஜூனில் கிளம்பினாள். முதல் வருடம் விடுமுறைக்கு வந்தாள். பிறகு ஆடிட் என்றாள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

பட்டியல் அந்த மே மாதத்தோடு நிற்கிறது. அடுத்தது அவள் முறை. அதற்குப் பிறகு அவள் ஒரு பாட்டுக்கூட வாங்கவில்லை. மேலாளர் சம்பளத்தில் வாங்க முடியாதா?

மார்ச் 13, வியாழன்

பெட்டி வரவில்லை. அழுத்தியதும் வீணை நேராக ஒலித்தது. எத்தனையோ நாள் கழித்து ஒரு தொகுப்பைத் தடங்கலில்லாமல் கேட்க முடிந்தது. இரண்டாவது பாட்டில் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

வரவில்லை.

மார்ச் 15, சனி

வரவில்லை. ஆறிலிருந்து எட்டுவரை பலமுறை அழுத்திப் பார்த்தேன். மாலையிலும் பார்த்தேன். துணி தேய்ப்பவர் வந்து கதவைத் தட்டியது கேட்கவில்லை, திரும்பிப் போய்விட்டார். திங்கட்கிழமைக்குச் சட்டை இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

நித்திலாவை நானே கூப்பிட்டேன். வருமான வரி பற்றிக் கேட்க.

“அப்பா, எனக்கு என்னப்பா தெரியும் உங்க வரியைப் பத்தி? அம்மாகிட்டதான் கேக்கணும்.”

“அவளுக்கு வேலை இருக்கும்.”

“வேலைக்கே போகல. காய்ச்சல். நாலு நாளா படுத்திருக்காங்க. பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி வச்சுக் குடுக்காங்களாம்.”

“டாக்டர்கிட்ட போனாளா?”

“போனாங்க. வைரல்தான். பயப்பட ஒண்ணும் இல்ல.” கூடவே, “ஒரு போன் பண்ணுங்களேன்” என்றாள்.

“நான் கூப்பிட்டா காய்ச்சல் கூடும்” என்றேன். வேடிக்கையாகத்தான். அவள் சிரிக்கவில்லை.

பகவதிக்குக் கஞ்சியில் சுக்கு போட்டால் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரிக்கு அது தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

காலை ஆறேகால். வேறொரு கருவியில் ஒலிக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

நித்திலா.

“அப்பா, அம்மா ஒண்ணு கேட்டாங்க.”

“என்ன?”

“‘ஒங்க அப்பா பாட்டைப் புடுங்குததை ஏன் நிறுத்திட்டாரு, உடம்புக்கு என்னமும் முடியலையா’ன்னு.”

மேஜையில் கிடந்த விடைத்தாள் கட்டை நேராக அடுக்கினேன்.

“என்ன சொல்லட்டும்?”

“விடைத்தாள் திருத்துதேன்னு சொல்லு.”

“மூணு வருஷமா அதையேதான் திருத்துதிய” என்றாள். அம்மாவின் குரல் அப்படியே.

மார்ச் 27, வியாழன்

அறிவிப்பு இப்போது சிவப்பு எழுத்தில் வருகிறது. கருவியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எல்லாம் அழியும். அவளும் இதைப் பார்த்திருப்பாள். ஓடிபி அவள் கையில். நினைத்தால் ஒரு நிமிடத்தில் தன் போனைத் தேர்ந்தெடுத்து முடித்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? நான் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறாள். எப்போதும் அப்படித்தான். நான் கேட்டு, அவள் கொடுத்து, வாழ்நாளெல்லாம் அதை நான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 29, சனி

என் டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். என்ன ஆகிறதென்று பார்க்கத்தான். ‘பதிவான எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது. பத்து நிமிடம் செல்லுபடியாகும்.’ இனி அவள் பாடு என்று வெண்டைக்காய் நறுக்கப் போனேன்.

நாலு காய் நறுக்கியிருப்பேன், போனில் செய்தி வந்தது. பகவதியிடமிருந்து. ஆறு இலக்கம். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை, ஒரு புள்ளி இல்லை. என்ன எதற்கு என்று கேட்கவில்லை. கொடுத்துவிட்டாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் தர மறுத்தால் சொல்ல வேண்டியதெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

எண்ணை அடித்தால் பாட்டெல்லாம் இங்கே. நாளைக் காலை அவள் நடக்கும்போது போன் ஊமை. கையைக் கழுவினேன். வெண்டைக்காய் பிசுபிசுப்பு லேசில் போகாது. கழுவிக்கொண்டே இருந்தேன். வந்து பார்த்தபோது எண் காலாவதி ஆகியிருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

இன்று அவள் போனைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். ஓடிபியோடு கருவியின் பெயரும் அவளுக்குப் போகும். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு:

‘தப்பா அமுக்கிட்டியளா?’

‘இல்லை’ என்று அனுப்பினேன்.

அவள் தட்டச்சு செய்கிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. கடைசியில் எண் மட்டும் வந்தது. அடித்தேன். ‘உங்கள் பாடல்கள் பகவதி போனுக்கு நிரந்தரமாக மாற்றப்பட்டன’ என்று வந்தது.

பெருந்தன்மை ஒன்றும் இல்லை. என்னுடையது பழைய டேப்லெட், பேட்டரி ஒருநாள் போய்விடும். பொருளியல்படி இதுதான் சரியான முடிவு.

ஏப்ரல் 1, செவ்வாய்

செயலியில் தொகுப்புகளின் படங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. அழுத்தினால் ஒன்றும் இல்லை. பாட்டு இல்லை, பெட்டியும் இல்லை. ‘கணக்கு செயல்பாட்டில் இல்லை.’

பாட்டைக் கொடுத்தால் பாட்டு மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தேன். இப்போது அவள் கேட்கிறாளா, இல்லையா, எழுந்தாளா, படுத்திருக்கிறாளா, எதையும் சொல்ல இனி ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

காபி. நாளிதழ். நாளிதழில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆறு மணிக்கு மேஜையில் போய் உட்கார்கிறேன். பழக்கதோஷம்.

ஏப்ரல் 5, சனி

மாநகராட்சியிலிருந்து வீட்டு வரி ஆள் வருவதாகப் பேச்சு. பழைய ரசீது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. இதெல்லாம் பகவதி வைத்த இடம். ஆறரைக்குக் கூப்பிட்டேன். அலுவலக நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாதே என்று.

இரண்டாவது மணியில் எடுத்தாள். மூச்சு வாங்கியது. பின்னால் பேருந்துச் சத்தம்.

“என்ன, உடம்புக்கு என்னமும் செய்யுதா?”

“எனக்கென்ன. உனக்குத்தான் காய்ச்சல்னு...”

“அது போயி எத்தன நாளாச்சு.”

“வீட்டு வரி ரசீது எங்க இருக்கு?”

பேருந்து கடந்து போயிற்று.

“இதைக் கேக்கவா விடியக்காலம் கூப்பிட்டிய? பாட்டு பாதியில நின்னுட்டு.”

“எந்தப் பாட்டு?”

“உங்க தூக்க மாத்திரைதான்.” பிறகு, “பீரோவுல ரெண்டாவது தட்டு, பச்சைப் பை, அதுல இருக்கும். பாருங்க. இல்லேன்னா சொல்லுங்க” என்றாள்.

“சரி.”

“நாளைக்குக் கூப்பிடுததா இருந்தா கொஞ்சம் பிந்திக் கூப்பிடுங்க. நடந்து முடிச்சி உக்காந்திருப்பேன்.”

வைத்துவிட்டாள்.

இரண்டாவது தட்டில் பச்சைப் பை இருந்தது. ரசீது அதில்தான் இருந்தது, வருட வாரியாகக் கட்டி. எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே வைத்து பீரோவைச் சாத்தினேன். கிடைக்கவில்லை என்று நாளைக்குச் சொல்ல வேண்டும்.